ஓமும் ஓகேயும்

"நீங்கள் ஒரு பெண்ணா?" என்று வைத்தியர் என் மனுசனிடம் பிரெஞ்சில் கேட்டார்.

"ஓம்" என்றார் மனுசன்.

வைத்தியர் திருப்தியோடு தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

கட்டிலுக்கு மறுபக்கம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்த எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பிரெஞ்சில் ஆம்பிளைக்கு ‘ஓம்’ என்றுதான் சொல்வார்கள். எழுதும்போது முன்னால் ஒரு எச் நிற்கும், சொல்லும்போது அது வாய்க்குள்ளேயே போய்விடும். ஆக, நரைத்த மீசையோடு படுத்திருந்த என் மனுசன் தமிழில் ‘ஆமாம், நான் பொம்பிளைதான்’ என்று ஒத்துக்கொண்டார். வைத்தியரின் காதில் அது ‘இல்லை, நான் ஆண்’ என்று விழுந்தது. இவருக்கு எல்லாம் நன்றாக விளங்குகிறது என்று வைத்தியர் என்னைப் பார்த்துச் சந்தோசமாகச் சொன்னார். நான் "மெர்சி" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல.

அந்தப் பனிக்காலம் முழுக்க நாங்கள் இந்த ஒரு சொல்லில்தான் தொங்கிக்கொண்டிருந்தோம். தெப்பனேர் என்கிற மூலைக்கடைக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வந்தவர், வாசலில் சப்பாத்தைக் கழற்றக் குனிந்து அப்படியே சரிந்தார். ஸ்ட்ரோக். வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. பல நாள் வெறும் மூச்சுத்தான். பிறகு ஒரு காலையில், தாதி தலையணையைச் சரிசெய்யும்போது, ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது. நோகுதா என்றால் ஓம். நோகவில்லையா என்றாலும் ஓம். நான் ஆர் எண்டு தெரியுதா என்று கேட்டேன், ஓம் என்றார். நான் உங்கட அம்மாவா என்று கேட்டேன், அதற்கும் ஓம். அன்றைக்கு வைத்தியசாலைக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று அழுதேன்.

வைத்தியசாலைக்கு அவர் படுத்திருக்கும் கட்டில் வேண்டும். எங்கள் வீடு கோட்-டெ-நெய்ஜில் மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. ஆகவே பராமரிப்பு இல்லம்தான் வழி என்று அவர்கள் முடிவு கட்டி வைத்திருந்தார்கள். எந்த இல்லம் என்று நாங்கள் சொல்ல ஏலாது, எங்கே முதலில் இடம் வருகிறதோ அங்கே. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம் ஓர் இடம் வரும்போல இருக்கிறது என்றார்கள். மொன்றியல் தீவின் மேற்கு நுனி. மெற்றோவும் பஸ்ஸும் மாறி மாறிப் போய்த் திரும்புவதற்குள் எனக்கு ஒரு பகல் முடிந்துவிடும். அங்கே ஒரு சனத்துக்கும் தமிழ் தெரியாது. ஒற்றைச் சொல்லோடு மிஞ்சியிருக்கும் மனுசனை, அந்தச் சொல்லும் விளங்காத சனத்திடம் கொடுத்துவிட்டு நான் வீட்டில் வந்து சோறு தின்ன வேண்டுமா? அவரை வீட்டுக்குக் கொண்டுவருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அவருக்கு எல்லாம் விளங்குகிறது என்று வைத்தியர் ஒத்துக்கொள்ள வேண்டும். பிறகு அவரே தன் வாயால் வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் தட்ட முடியாதாம், உதவிக்கு ஆளும் அனுப்புவார்களாம்.

எனக்கு ஆத்திரம் என்னவென்றால், சொல்லைத் தேடி ஊர் ஊராகத் திரிந்த மனுசனுக்கா இது நடக்க வேண்டும் என்பதுதான். அவர் மொன்றியல் துறைமுகத்தில் கொன்ரெய்னர் ஏற்றிக்கொண்டு அமெரிக்காவுக்கு ட்ரக் ஓடியவர். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, சில வேளை ஒஹையோ. மற்ற ட்ரக்காரர்கள் திரும்பும்போது மலிவு விலையில் சப்பாத்தும் சொக்கலேட்டும் கொண்டுவருவார்கள். இவர் சொல் கொண்டுவருவார். அதுவும் பாடப்புத்தகச் சொல் இல்லை, அமெரிக்கத் தெருச்சொல். நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடையில் பக்கத்துக் கதிரைக்காரனைப் பிடித்து, இது எங்கே பிறந்தது, இதற்கு ஏன் இந்தப் பெயர் என்று விசாரித்து, அந்தக் கதையையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வருவார். "எல்லையில வரி கேக்காத ஒரே சாமான் இதுதான் கா" என்பார், மட்டக்களப்புக் ‘கா’ போட்டு. களைத்து வந்து குளிக்காமல் கொள்ளாமல் நான் சமைக்கிற குசினி வாசலில் நின்று சொல்லத் தொடங்கினால், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கலியாணம் கட்டி மட்டக்களப்பில் இருந்து நான் வந்து சேர்ந்த புதிதில் ஒருநாள் தொலைபேசியில் சொன்னார், "டெட்ஹெட்டா வாறன், சாப்பாடு வை" என்று. எனக்குத் தெரிந்த இங்கிலிசில் டெட் என்றால் சாவு, ஹெட் என்றால் தலை. விபத்துத்தான், தலையில்தான் அடி என்று நான் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவைக் கூப்பிட்டு ஒப்பாரி வைக்காத குறை. மனுசன் விசிலடித்துக்கொண்டு வந்து இறங்குகிறார். டெட்ஹெட் என்றால் ட்ரக்கில் சுமை இல்லாமல் வெறுமையாகத் திரும்புவதாம். முந்தி அமெரிக்காவில் நாடகக் கொட்டகைக்காரன் தலையை எண்ணித்தான் காசு கணக்குப் பார்ப்பானாம். ஓசி டிக்கெட்டில் வந்திருக்கிறவன் கணக்கில் சேராத தலை, செத்த தலை. அங்கிருந்து அது ரயிலுக்குப் போய், ரயிலில் இருந்து ட்ரக்குக்கு வந்ததாம். "இதை வந்த உடனே சொல்லியிருந்தா என்ட உயிர் போயிருக்காதே" என்று ஏசினேன். அவருக்கு என் ஏச்சு காதில் ஏறவில்லை. அந்தச் சொல் எப்படி வாகனம் மாறி மாறி வந்தது பார்த்தாயா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

முழுக்க, ஒன்றும் விடாமல் என்பதற்கு அமெரிக்கன் ‘முழு ஒன்பது யார்ட்’ என்பான், யார்ட் என்றால் கஜம். இந்த ஒன்பது யார்ட் எங்கே இருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒருத்தன் சீமெந்து லொறி கொள்ளும் அளவு என்றான், இன்னொருத்தன் யுத்த விமானத்துத் துவக்கின் குண்டுப் பட்டி நீளம் என்றான், மூன்றாமவன் கோட் தைக்கும் துணி என்றான். எங்கள் கட்டடத்தில் கீழ்மாடியில் ஒரு தமிழ்நாட்டுப் பேராசிரியர் இருந்தார். மனுசன் அவரிடமும் போய்க் கேட்டிருக்கிறார். அவர் விளையாட்டுக்கு, "ஒன்பது கஜம்னா மடிசார்தான் சார், வேற என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டார். போதாதா? இவர் அடுத்த பயணத்தில் ஒஹையோவில் ஒரு கடையில், கை துடைக்கும் தாளை மடித்து மடிசார் எப்படிக் கட்டுவது என்று நாலு ட்ரக்காரருக்குச் செய்து காட்டியிருக்கிறார். கட்டத் தெரியாத மட்டக்களப்பான், பார்க்காத அமெரிக்கனுக்கு. அவர்கள் நம்பிவிட்டார்களாம். இப்போது அந்த ரோட்டில் இதுவும் ஒரு பிறப்புக் கதையாகச் சுற்றிக்கொண்டு இருக்கும், ஆருக்குத் தெரியும்.

மகள் சின்னவளாக இருந்தபோது, ட்ரைவருக்குப் பக்கத்து இருக்கை தனக்குத்தான் என்று முந்திக்கொள்ள "ஷொட்கன்" என்று கத்த வேண்டும் எனப் பழக்கிவிட்டார். குதிரை வண்டிக் காலத்தில் கொள்ளைக்காரருக்குப் பயந்து வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் துவக்கோடு ஒரு காவல்காரன் இருப்பானாம், அந்த இடத்துக்கு அந்தப் பெயர். பிள்ளை இதை எங்கே கத்தினாள் தெரியுமா? அமெரிக்க எல்லையில், சோதனைக்கு எங்களை இறக்கி நிற்பாட்டிவிட்டு, போகலாம் என்று சொன்ன அந்தக் கணத்தில். காவலர்கள் எல்லோரும் சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள். மனுசன் மட்டும் அந்த நேரத்திலும் அவர்களுக்குக் குதிரை வண்டிக் கதையைச் சொல்ல வெளிக்கிட்டார். நான் கையைப் பிடித்துக் கிள்ளினேன்.

ஆனால் எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் பெரிய சண்டை ஓகே என்ற சொல்லுக்குத்தான். அது பிறந்த கதையை மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு புத்தகத்தில் இருந்து வாசித்துக் காட்டினாள். முந்தி ஒரு காலத்தில் பொஸ்டன் பத்திரிகைக்காரர்கள் பகிடிக்கு என்று சொற்களைப் பிழையாக எழுதி, அந்தப் பிழையின் முதலெழுத்துகளை மட்டும் போடுவார்களாம். ‘எல்லாம் சரி’, அதாவது ஓல் கரெக்ட், என்பதை இங்கிலிசில் வேண்டுமென்றே கோணலாக, ஓவில் ஒரு சொல்லும் கேயில் ஒரு சொல்லுமாக எழுதினார்களாம். மற்றப் பகிடியெல்லாம் செத்துப்போக இது ஒன்று மட்டும் தப்பிவிட்டது. மனுசனுக்கு இது பிடிக்கவே இல்லை.

"உலகம் முழுக்கச் சொல்லுற சொல், ஒரு எழுத்துப் பிழையா? என்ன கதை கா இது?" என்றார். அவருக்குச் சொந்தமாக ஒரு கதை இருந்தது. அந்தக் காலத்தில் பொஸ்டனில் இருந்து கப்பலில் ஐஸ் கட்டி வெட்டி மெட்ராசுக்குக் கொண்டுவந்தார்களாம், அது உண்மைதான், மெட்ராசில் ஐஸ் ஹவுஸ் இருக்கிறது. கப்பல்காரன் ஏதாவது சொன்னால் நம்முடைய ஆட்கள் "ஓம், கேட்டன்" என்பார்களாம். ஓ, கே. அதை வாயில் போட்டுக்கொண்டு பொஸ்டனுக்குத் திரும்பிவிட்டானாம்.

"மெட்ராஸ்காரன் ஆமா எண்டுதான் சொல்லுவான். ஓம் எண்டு ஆர் சொன்ன?" என்று நான் மடக்கினேன்.

"அப்ப கப்பல் திருகோணமலைக்கும் வந்திரிக்கும்" என்றார். கொஞ்சமும் வெட்கம் இல்லை. இந்தச் சண்டையை நாங்கள் வருசக்கணக்காகப் பிடித்தோம். ஓம் என்ற சொல்லுக்காக அவ்வளவு வாதாடிய மனுசன், வீட்டில் ஓம் என்று சொல்லவே மாட்டார். மீன் வாங்கிக்கொண்டு வாங்க என்றால் ‘டென்-ஃபோர்’. மழைக்கோட்டை எடுத்தீங்களா என்றால் ‘டென்-ஃபோர்’. ட்ரக் ரேடியோவில் ஆமாம் என்பதற்கு அப்படிச் சொல்வார்கள். நாடு நாடாகப் பொறுக்கின சொல் எல்லாம் ஒரு காலையில் கொட்டுப்பட்டுப் போய், கடைசியில் இந்த ஓம் மட்டும் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

இனி வைத்தியசாலை சோஷல் வேர்க்கர் கதைக்கு வருகிறேன். நான் ஒரு கார்தெரியில், சின்னப் பிள்ளைகளின் பகல் காப்பகத்தில், சமைக்கிறேன். நான் வேலையில் நின்ற ஒரு மத்தியானம் அவ என் மனுசனைத் தனியாகப் பார்த்துப் பேசியிருக்கிறா. பின்னேரம் நான் போனதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா. நல்ல மனம் உள்ள பிள்ளை, அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். "உங்கள் கணவர் மிகவும் தெளிவாக இருக்கிறார். எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்று இங்கிலிசில் கேட்டேன். ஹோம், ஹோம் என்று இரண்டு தரம் சொன்னார்" என்றா. அவவும் பிரெஞ்சுக்காரி, எச் வாயில் வராது. அவ சொன்னது ‘ஓம், ஓம்’ என்றுதான் கேட்டது. என் மனுசனின் அதே இழுவை, அதே இறக்கம். எனக்கு உடனே விளங்கிவிட்டது.

நான் திருத்தவில்லை. ஏன் திருத்த வேண்டும்? ஆண் என்று ஒரு பிழை, வீடு என்று ஒரு பிழை, இரண்டும் சேர்ந்து என் மனுசனை எனக்குத் தருமென்றால் அந்தப் பிழைகளுக்கு நான் விளக்கு வைப்பேன். அன்று இரவே குசினி மேசையைத் தள்ளி, கட்டில் போட இடம் அளந்தேன்.

கெடுத்தது மகள்தான். இப்போது லாவாலில் இருக்கிறாள், வாரக் கடைசியில் வருவாள். தகப்பன் ஹோம் என்று சொன்னாராம் என்று சோஷல் வேர்க்கர் சொன்னதும் அவள் என்னைப் பார்த்தாள். நான் யன்னலைப் பார்த்தேன்.

"அம்மா, அப்பா ஓம் எண்டுதானே சொல்றார். ஹோம் இல்ல."

"சும்மா இரி" என்றேன் தமிழில்.

"அவர் எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்றார். நான் அவங்களுக்குச் சொல்லப்போறன்."

"சொன்னா உன்னோட கதைக்கமாட்டன்."

"உங்களால ஏலா, அம்மா. போன கிழமை என்ன நடந்த?"

போன கிழமை, ஆளைக் காத்துக்கொண்டிராமல் நானே அவரைக் கட்டிலில் இருந்து கதிரைக்கு மாற்றப் பார்த்தேன். பாரம் தாங்காமல் இரண்டு பேரும் நிலத்தில் சரிந்தோம். அவர் என் மேல் கிடந்தார், எனக்கு முதுகில் மின்னல் வெட்டினது போல ஒரு நோ. ஓடிவந்து தூக்கினார்கள். அதிலிருந்து நான் குனிந்தால் நிமிர நேரம் எடுக்கும். அதை அவள் இப்படிச் சபையில் எடுத்துப் போட்டதும் எனக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வந்தது. நான் பெற்ற பிள்ளையா நீ என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவள் அழுதுகொண்டே போய் வைத்தியரிடம் பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

வைத்தியர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். இரக்கமாகப் பேசினார். அப்படியென்றால் அவருக்கு என்ன விளங்குகிறது என்று இனிச் சொல்ல முடியாது என்றார். திங்கட்கிழமை எல்லோரும் கூடிப் பேசுவோம், அவரால் சொல்ல முடியாவிட்டால் அவருக்கு எது நல்லது என்று நாங்கள்தான் முடிவெடுக்க வேண்டும் என்றார். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கட்டில் வந்துவிட்டது என்று சோஷல் வேர்க்கர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னா. 

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒரு ‘இல்லை’ மட்டும் சொல்லுங்க என்று கெஞ்சினேன். அவருக்கு இல்லை சொல்லத் தெரியும் என்று காட்டினால் போதும், அவருடைய ஓமுக்கு ஒரு பெறுமதி வந்துவிடும். வெளியில வெயில் எறிக்குதா? ஓம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. நீங்க பொம்பிளையா? ஓம். நான் உங்களை அடிக்கிறனா? ஓம். ஒரு கேள்வி விழுந்ததும் ஓம், அடுத்தது விழுந்ததும் ஓம். பக்கத்துக் கட்டில்காரர் திரையை இழுத்துவிட்டார். எனக்கு வெறி பிடித்துவிட்டது.

"சரி. ஓகே ஆர்ட சொல்? பொஸ்டன் பேப்பர்காரன்ட பகிடிதானே? எழுத்துப் பிழைதானே?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றார்.

அதில்தான் நான் உடைந்துபோனேன். வருசக்கணக்காகப் பிடித்த பிடி. குழந்தைப்பிள்ளை வந்து கேட்டாலும் விட்டுக்கொடுக்காத சண்டை. அதையே விட்டுவிட்டார் என்றால், உள்ளே ஆருமே இல்லை, என் மனுசன் போய்விட்டார், நான் ஒரு வெறும் உடம்புக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வீடு, வீடு என்று அடித்துக்கொள்கிறேன். கைப்பையை எடுத்தேன். கோட்டைப் போட்டேன். முதுகு நோவில் கோட்டுக் கையை நுழைக்க நேரம் எடுத்தது. கதவுக்குப் பக்கத்தில் போய்விட்டேன்.

"இல்ல."

திரும்பிப் பார்த்தேன். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, அவர் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

"பிழை" என்றார்.

நான் ஓடிப்போய்க் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், "என்ன பிழை? நான் சொன்னது பிழையா?" என்று. "ஓம்" என்றார். இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர் இடக்கையால் போர்வையைப் பிசைந்தார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு இன்னொரு ஓம் வந்தது, முதல் வந்ததைப் போல வழுக்கிக்கொண்டு வராமல், தூக்கி வைத்தது போல.

டென்-ஃபோர் எனக்கு அந்த நேரத்தில்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதற்கும் ஒரு பிறப்புக் கதை உண்டு. பென்சில்வேனியாவில் ஒரு கிழட்டுப் பொலிஸ்காரன் சொன்னானாம். அந்தக் காலத்துப் பொலிஸ் ரேடியோ, பொத்தானை அமத்தின உடனே பேச்சை எடுக்காது, தயாராகக் கொஞ்சம் நேரம் வேண்டும். அதற்குள் சொன்ன முதல் அசை காற்றோடு போய்விடும். நாலு என்று சொன்னால் மறுபக்கம் ஒன்றும் கேட்காது. ஆனபடியால் தொலைந்துபோவதற்கென்றே முன்னால் ஒரு பத்தைச் சேர்த்தார்கள். பத்துத் தொலையும், நாலு போய்ச் சேரும். அவர் இதைச் சொல்லும்போது நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன், பாதிதான் கேட்டேன்.

அவருடைய முதல் ஓம் அந்தப் பத்துத்தான். அது பதில் இல்லை. உள்ளே ஏதோ சூடேறி வருவதற்காகத் தன்பாட்டில் முன்னால் விழுகிற சத்தம். பதில் பின்னால் வந்துகொண்டிருந்தது. ஒருத்தரும் காத்திருக்கவில்லை. வைத்தியர் இல்லை, சோஷல் வேர்க்கர் இல்லை, மகள் இல்லை, நானும் இல்லை. ஓம் என்ற உடனே எல்லோரும் எழும்பிப் போய்விட்டோம், அல்லது அடுத்த கேள்வியை அதற்கு மேல் போட்டோம். அந்த மனுசன் ஒவ்வொரு முறையும் மூச்சுப் பிடித்துப் பதிலைக் கொண்டுவந்து பார்த்தால், எதிரில் ஆளில்லை.

மறுகா எல்லாவற்றையும் திரும்பக் கேட்டேன். நீங்க பொம்பிளையா? ஓம். காத்திருந்தேன். "இல்ல." பாதி முகத்தால் சிரித்தார். நான் ஆர், உங்கட அம்மாவா? ஓம். காத்திருந்தேன். "இல்ல." நான் அவருடைய நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். வீட்டுக் கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை. அதைக் கேட்க என்ன இருக்கிறது. மகளுக்கு அப்போதே தொலைபேசி எடுத்து, நாளைக்கு வா, உன்ட கொப்பர் கதைக்கப்போறார் என்றேன்.

திங்கட்கிழமை அவரைச் சக்கரக் கதிரையில் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். வைத்தியர், சோஷல் வேர்க்கர், மகள், நான். நான் எழும்பி நின்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சிலும் இங்கிலிசிலும் சொன்னேன். அவர் சொல்லும் முதல் ஓம் ஆணும் இல்லை, வீடும் இல்லை, ஆமாமும் இல்லை. அதை எறிந்துவிடுங்கள், பிறகு வருவதுதான் பதில், அதுவரை ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்றேன். டென்-ஃபோர் கதையையும் சொன்னேன். மகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அவளும் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள்தான்.

வைத்தியர் கேட்பார், நான் தமிழில் சொல்வேன், நான் கூட்டிக் குறைக்காமல் சொல்கிறேனா என்று மகள் பார்ப்பாள் என்று ஒழுங்கு செய்தோம். நீங்கள் ஒரு பெண்ணா? "ஓம்." எல்லோரும் காத்திருந்தோம். "இல்ல." வைத்தியர் நாற்காலியில் நிமிர்ந்தார். இப்போது கோடைகாலமா? "ஓம்." யன்னல் முழுக்கப் பனி. "இல்ல." உங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாளா? "ஓம்." நேரம் எடுத்தது. "ஓம்." இரண்டாவது ஓமைச் சொல்லும்போது அவளைப் பார்த்துச் சொன்னார். இன்னும் பல கேள்வி கேட்டார்கள். ஒன்றிலும் பிழை விடவில்லை.

"இவருக்கு விளங்குகிறது" என்றார் வைத்தியர். "மன்னிக்க வேண்டும், நாங்கள்தான் கேட்கவில்லை. இனி இவர் சொல்வதுதான் முடிவு." சோஷல் வேர்க்கர் கண்ணைத் துடைத்தா. மேசைக்குக் கீழே மகள் என் கையைத் தேடிப் பிடித்தாள். நான் வென்றுவிட்டேன். எந்தச் சாறத்தை உடுத்தி அவரைக் கூட்டிக்கொண்டு போவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

"அப்படியானால் முக்கியமான கேள்வி" என்றா சோஷல் வேர்க்கர். "வீட்டுக்குப் போக விருப்பமா?"

"வீட்ட போவமா?" என்று நான் கேட்டேன்.

"ஓம்" என்றார்.

காத்திருந்தோம். நான் சொல்லிக்கொடுத்தபடி ஒருவரும் அசையவில்லை. அவர் வைத்தியரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"இல்ல."

கேள்வி அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். கதிரைக்குப் பக்கத்தில் குந்தினேன். "எங்கட வீட்ட. கோட்-டெ-நெய்ஜில. என்னோட. வாறீங்களா?"

"ஓம்." அந்த ஓமிலேயே எழும்பிவிடலாம் என்று இருந்தது. எல்லோருக்கும் போதுமான ஓம்தான் அது. நான் எழும்பவில்லை. என்னால் உடனே எழும்பவும் ஏலவில்லை, முதுகு பிடித்துக்கொண்டது, மகள்தான் தோளைப் பிடித்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல" என்றார்.

"ஏன்?" என்று கேட்டேன்.  "ஏன், சொல்லுங்க. அங்க போய் ஆரோட கதைப்பீங்க? ஏன் வேணாம்?"

"ஓம்" என்று விழுந்தது. நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு ஒரு பக்கம் இழுத்தது. நெற்றி வேர்த்தது. நான் அவ்வளவு நேரம் வேறு எந்த மனிதருக்காகவும் காத்திருந்ததில்லை.

"உனக்கு" என்றார். பிறகு, "ஏலா."

சோஷல் வேர்க்கர் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தா. "என்ன சொன்னார்?" என்று கேட்டா. மகளுக்கு எல்லாம் விளங்கியிருந்தது, ஆனால் அவள் தலை குனிந்துகொண்டாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. இங்கிலிசில் "நோ" என்றேன். வைத்தியருக்காகப் பிரெஞ்சில் "நோன்" என்றேன். அதை ஒருவரும் பிழையாகக் கேட்கவில்லை.